பெயர் வெட்டிய பாத்திரம்

மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை என்றால் பாதிப் புனே கடக்வாஸ்லா அணைக்கரையில்தான் இருக்கும். தள்ளுவண்டிகளில் கரி அனலில் சோளக்கதிர் வாட்டுகிறார்கள். எலுமிச்சை மூடியை உப்பிலும் மிளகாய்ப்பொடியிலும் தொட்டுக் கதிர்மேல் தேய்த்துக் கையில் தருகிறார்கள். நான் ஒன்றை வாங்கிக் கடித்தேன். நண்பன் வாங்கவில்லை. முகக்கவசத்தைக்கூட இறக்கவில்லை.

“நீ தின்னுடா. எனக்கு அக்கா கொடுத்ததைக் காப்பாத்தணும்.”

அக்கா கொடுத்தது சிறுநீரகம். ஆறு வருஷம் ஆகிறது. காலை ஒன்பது மணி, இரவு ஒன்பது மணி, இரண்டு வேளையும் டாக்ரோலிமஸ். கிட்னி மாற்றியவர்கள் அதைச் செல்லமாக ‘டாக்ரோ’ என்கிறார்கள். துணைக்கு இன்னும் இரண்டு மாத்திரைகள். ரத்தத்தில் டாக்ரோவின் அளவு குறைந்தால் உடம்பு அக்காவின் சிறுநீரகத்தின்மீது பாயும். கூடினால் அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். பம்பளிமாஸ் தின்றால் அளவு எகிறிவிடும் என்று அந்தப் பழத்தை வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. பச்சைத் தண்ணீர், தெருவோரத் தீனி, இருமுகிற கூட்டம் எல்லாவற்றுக்கும் பயந்து வாழ்கிறான். உடம்பின் காவலை அரைத்தூக்கத்தில் வைத்திருப்பதற்கு அவன் கொடுக்கும் விலை அது.

“ஒரே வயித்துல பொறந்த அக்காடா. அவ கிட்னியையே இந்த உடம்பு அந்நியம்னு சொல்லுது பாரு” என்றான்.

எது நம்முடையது, எது பிறருடையது என்று உடம்புக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இந்தக் கேள்வியை அந்தக் கரையில் நின்று கேட்பது எனக்குப் பொருத்தமாகப் பட்டது. காரணங்கள் உண்டு. ஒன்று, புனேக்காரக் குயவர் ஒருவர்.

மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர் கவாஸ்ஜி. 1792-இல் திப்புவின் ஆட்களிடம் சிக்கினார். அவர்கள் அவருடைய மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு வருஷம் மூக்கில்லாமல் இருந்தார். அதன்பிறகு புனேக்குப் பக்கத்தில் குயவர் குலத்தைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு வைத்துவிட்டார். பம்பாய் மாகாணத்து ஆங்கில மருத்துவர்கள் இருவர் இந்தச் சிகிச்சையைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஓவியர் கவாஸ்ஜியை வரைந்தார். 1794 அக்டோபரில் லண்டனின் ‘ஜென்டில்மன்ஸ் மேகசின்’ முழு விவரத்தையும் வெளியிட்டது.

அந்தக் குறிப்பு சமையல் குறிப்பைப் போலத் துல்லியமானது. மெழுகைத் தட்டையாக்கி மூக்கின் அளவுக்கு ஓர் அச்சு எடுத்துக்கொள்கிறார். அதை நெற்றியில் விரித்துச் சுற்றிலும் கோடு போடுகிறார். கோட்டுக்குள் உள்ள தோலை உரித்து எடுக்கிறார். ஆனால் இரு புருவத்துக்கு நடுவில் ஒரு சிறு பட்டையை மட்டும் வெட்டாமல் விடுகிறார், ரத்த ஓட்டம் அறுந்துவிடக் கூடாது என்று. உரித்த தோலைத் திருப்பி மடக்கி மூக்கிருந்த இடத்தில் பொருத்துகிறார். காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் துணியில் தடவி ஐந்தாறு அடுக்காக மேலே ஒட்டுகிறார். நாலு நாள் கழித்து அதை எடுத்துவிட்டு நெய்யில் நனைத்த துணி. சுமார் 25-ஆம் நாள் அந்தப் பட்டையை அறுக்கிறார். மூக்கு நின்றுவிட்டது.

சுஸ்ருதர் காலத்திலிருந்து வந்த கைப்பழக்கத்தின் ஒரு கிளை இது. லண்டனில் இதைப் படித்த ஜோசப் கார்ப்யூ, 1814-இல் தானும் செய்து பார்த்தார். இன்றைய பிளாஸ்டிக் சர்ஜரி வரலாறுகள் அங்கிருந்தே பல அத்தியாயங்களைத் தொடங்குகின்றன. அந்தக் குயவரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. மாட்டுவண்டிக்காரர் பெயர் தெரிகிறது, பார்த்த வெள்ளைக்காரர்கள் பெயர் தெரிகிறது, செய்தவர் பெயர் தெரியவில்லை. எனக்கு இது இன்னும் உறுத்துகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். தோல் கவாஸ்ஜியின் நெற்றியிலிருந்து வந்தது. பக்கத்தில் நின்றவர் நெற்றியிலிருந்து வரவில்லை. இத்தாலியின் பொலோனாவில் காஸ்பரே தால்யகோட்ஸி கைத்தோலை எடுத்து மூக்கு கட்டினார். அதைப் பற்றி 1597-இல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார். பிறர் தோலைக்கொண்டு இதைச் செய்ய ஏன் முடியாது என்பதற்கு அவர் சொன்ன காரணம், ஒவ்வொரு மனிதனுக்கும் உள்ள தனித்தன்மையின் வலிமை. ஐரோப்பாவில் கேலிக்காரர்கள் வேறொரு கதை கட்டினார்கள்: இரவல் தோலில் செய்த மூக்கு, தோல் கொடுத்தவன் செத்த அன்றைக்குத் தானும் விழுந்துவிடுமாம். மருத்துவரும் கேலிக்காரரும் ஒரே உண்மையைத்தான் தொட்டார்கள். தன் தோல் ஒட்டும், பிறர் தோல் ஒட்டாது. ஏன் என்பதற்கு அதன்பிறகு முந்நூறு வருஷங்களுக்கு மேல் யாரிடமும் பதில் இல்லை.

பதிலின் முதல் பாதி இரண்டாம் உலகப் போரின்போது கிடைத்தது. கிளாஸ்கோ மருத்துவமனையில் தீக்காயம் பட்ட ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரனின் தோலைத் துண்டு துண்டாக ஒட்டினார்கள். அது உதிர்ந்தது. இரண்டாம் முறை அதே சகோதரனின் தோலை ஒட்டியபோது இன்னும் வேகமாக உதிர்ந்தது. அருகிலிருந்து இதைக் கவனித்தவர் பீட்டர் மெடவார் என்ற விலங்கியலாளர். கிப்சன் என்ற அறுவை மருத்துவரோடு சேர்ந்து 1943-இல் இதை வெளியிட்டார். இரண்டாம் முறை வேகம் கூடுகிறது என்றால் உடம்பு முதல் முறையை நினைவில் வைத்திருக்கிறது. அம்மை ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராததும் இந்த நினைவால்தான். தோலை உதிர்த்தது நோய் எதிர்ப்பு ஆற்றலின் வேலை.

1954 டிசம்பர் 23-இல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே ஓர் இரட்டைப் பிறவியின் சிறுநீரகத்தை மற்றவருக்கு வைத்தார். உருவத்தில் அச்சாக ஒத்த இரட்டையர் என்பதால் உடம்பு அதை அந்நியமாகப் பார்க்கவில்லை, சிகிச்சை வென்றது. அதே டிசம்பரில்தான், 7-ஆம் தேதி, தேசிய பாதுகாப்பு அகாடமி இந்தக் கடக்வாஸ்லாவில் அதிகாரபூர்வமாகச் செயல்படத் தொடங்கியது. இரண்டுக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை. ஆனால் அந்த அகாடமி எனக்குச் சீக்கிரமே தேவைப்படும் என்பதால் தேதியைச் சொல்லி வைக்கிறேன்.

பதிலின் மறுபாதிக்கும் கடக்வாஸ்லாவுக்கும் ஒரு தற்செயலான பொருத்தம் உண்டு. 1961 ஜூலை 12 காலை. மேலே ஆம்பி ஆற்றில் கட்டிக்கொண்டிருந்த பான்ஷெட் அணை உடைந்தது. அந்த வெள்ளம் வந்து மோதி, 1879 முதல் நின்றிருந்த கடக்வாஸ்லா அணையும் உடைந்தது. முட்டா ஆற்றங்கரைப் பேட்டைகளைத் தண்ணீர் அள்ளிக்கொண்டு போயிற்று. புனேயில் வயதானவர்கள் இன்றும் காலத்தை ‘பான்ஷெட்டுக்கு முன், பின்’ என்று பிரித்துப் பேசுவார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ‘லான்செட்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியானது. எழுதியவர் ஜாக் மில்லர், முப்பது வயது. நோய் எதிர்ப்பியலில் அதுவும் ஒரு முன், பின் கோடு.

மில்லருக்கு மாற்று உறுப்பில் அக்கறை ஒன்றும் இல்லை. அவர் எலிகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். லண்டனுக்கு வெளியே ஒரு கிளை ஆய்வகம். எலிகள் இருந்தது பழைய குதிரை லாயத்தில். அந்தப் புற்றுநோய் தைமஸில்தான் தொடங்குகிறது என்பதால் பிறந்த எலிக்குஞ்சுகளின் தைமஸை எடுத்துப் பார்த்தார்.

தைமஸ் எங்கே இருக்கிறது? நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே, இரண்டு மடலாகக் கிடக்கும் மென்மையான சதை. அதற்கு முன்பு அதை யாரும் மதிக்கவில்லை. மதிக்காததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திடீரென்று இறந்த குழந்தைகளைப் பிணப்பரிசோதனை செய்த மருத்துவர்கள் ‘தைமஸ் பெரிதாக இருக்கிறதே, இதுதான் மூச்சை அடைத்திருக்கும்’ என்று முடிவு கட்டினார்கள். உண்மையில் குழந்தைக்கு அது பெரிதாகத்தான் இருக்க வேண்டும். நோயில் நாட்கணக்கில் கிடந்து இறந்தவர்களுக்குத் தைமஸ் சுருங்கிப்போகும். அந்தச் சுருங்கிய அளவையே இயல்பு என்று பாடப்புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்கள். விளைவு, நலமாக இருந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளின் நெஞ்சில் எக்ஸ்-ரே பாய்ச்சித் தைமஸைச் சுருக்கினார்கள். அவர்களில் பலருக்குப் பிற்காலத்தில் தைராய்டில் புற்றுநோய் வந்தது.

மில்லரின் எலிக்குஞ்சுகள் தாய்ப்பால் குடிக்கும்வரை நன்றாகவே வளர்ந்தன. பிறகு மெலிந்தன, கழிச்சல் கண்டன, சாதாரணத் தொற்றுகளில் செத்தன. ரத்தத்தில் லிம்போசைட் எனப்படும் வெள்ளணுக்கள் மிகக் குறைவாக இருந்தன. அப்படியானால் இவற்றின் காவல் படுத்துவிட்டதா? சோதிக்க ஒரே வழி, மெடவார் காட்டிய வழி. வேறு இன எலியின் தோலை ஒட்டினார். உதிரவில்லை. பெரிய எலியினமான ராட்டின் தோலை ஒட்டினார். அதுவும் உதிரவில்லை, அதன்மேல் முடிகூட முளைத்தது. வெள்ளை எலியின் முதுகில் வேறு நிறத்தில் ஒரு கொத்து முடி. குயவர் கவாஸ்ஜிக்குச் செய்ய முடியாத காரியம் அது.

வளர்ந்த எலியின் தைமஸை எடுத்தால் இப்படி எதுவும் ஆவதில்லை. அதனால்தான் அதற்கு வேலையே இல்லை என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். தைமஸுக்குள் எக்கச்சக்கமான லிம்போசைட்டுகள் சாவதைப் பார்த்தவர்கள் அதை ஒரு சுடுகாடு என்றார்கள். நோபல் பரிசு வாங்கியிருந்த மெடவாரே 1963-இல், அங்கே லிம்போசைட் இருப்பது பரிணாமத்தின் ஒரு விபத்து, பெரிய முக்கியத்துவம் இல்லை என்ற பொருளில் எழுதினார். பெரியவர்களும் சறுக்குவார்கள் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இது. கேள்வியைக் கண்டுபிடித்தவரே பதிலைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு தள்ளிவிட்டார்.

இப்போது அகாடமிக்கு வருகிறேன். அணைக்கரையிலிருந்து பார்த்தால் தண்ணீருக்கு அப்பால் அதன் காடும் கட்டடங்களும் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் உள்ளே போகிறார்கள். மூன்று வருஷம், ஆறு டெர்ம். கேத்ரபால் மைதானத்தில் அணிவகுத்து வெளியேறுகிறார்கள். இன்றைக்கு அகாடமியை மூடினால் நாளைக்கே எல்லையில் ஆளில்லாமல் போய்விடுமா? ஏற்கெனவே பயிற்சி முடித்தவர்கள் இன்னும் பல வருஷம் பணியில் இருப்பார்கள். ஆனால் ஒரு நாடு பிறந்த அன்றே அகாடமியை இடித்துவிட்டால் அதற்குப் படையே உண்டாகாது. வளர்ந்த எலிக்கும் பிறந்த குஞ்சுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் செல்கள் தைமஸுக்குள் போய்ப் பயின்று வெளிவருகின்றன. டி-செல் என்ற பெயரிலுள்ள டி, தைமஸின் முதலெழுத்து.

பயிற்சியில் என்ன கற்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள அகாடமியை விட்டு நம் வீட்டுச் சமையலறைக்குப் போக வேண்டும்.

நம் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைப்பார்கள். கல்யாணத்தில், திருவிழாவில் பத்து வீட்டுத் தாம்பாளம் ஒன்றாகக் கலந்தாலும் எது யாருடையது என்று அந்த எழுத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். உடம்பின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லும் தனக்குள் என்ன சமைக்கிறது என்பதை ஒரு தாம்பாளத்தில் வைத்து வாசலில் காட்டிக்கொண்டே இருக்கிறது. உள்ளே உருவாகும் புரதங்களின் துணுக்குகளே அதில் உள்ள பண்டம். வைரஸ் நுழைந்திருந்தால் அதன் துணுக்கும் தாம்பாளத்துக்கு வந்துவிடும். இந்தத் தாம்பாளத்துக்கு எச்.எல்.ஏ. என்று பெயர். அதில் வெட்டியிருக்கும் பெயர் ஆளுக்கு ஆள் வேறு. பாதி அப்பாவிடமிருந்து, பாதி அம்மாவிடமிருந்து. கூடப்பிறந்தவர்களுக்குள் முழுதும் ஒத்துப்போக நாலில் ஒரு வாய்ப்புதான். நண்பனுக்கும் அக்காவுக்கும் பாதி ஒத்தது. ஆஸ்பத்திரி மொழியில் ‘ஹாஃப் மேட்ச்’.

தைமஸுக்குள் நுழையும் ஒவ்வொரு செல்லும் தன் மரபணுத் துண்டுகளைக் கலைத்துப் போட்டு ஒரு புது ஏற்பியைத் தயாரித்துக்கொள்கிறது. சீட்டுக்கட்டைக் கலைப்பது மாதிரி. என்ன விழும் என்று யாருக்கும் தெரியாது. முதல் தேர்வு வெளிப்புறத்தில். ‘நம் பெயர் வெட்டிய தாம்பாளத்தை உன்னால் படிக்க முடிகிறதா?’ படிக்கத் தெரியாதவை அங்கேயே கவனிப்பாரின்றிச் சாகின்றன. பெரும்பான்மை இங்கே போய்விடும். இரண்டாம் தேர்வு உட்புறத்தில், நேர் எதிரானது. ‘நம் தாம்பாளத்தில் நம் பண்டத்தைப் பார்த்ததும் பாய்கிறாயா?’ பாய்ந்தால் மரணம்.

உட்புறத்தில் ஒரு அற்புதம் நடக்கிறது. இன்சுலின் கணையத்தில் உண்டாவது. எச்சில் புரதம் எச்சில் சுரப்பியில், கண்ணின் புரதம் கண்ணில். தைமஸில் இருக்கும் பயிற்சி செல்லுக்கு இவை எப்படித் தெரியும்? அங்குள்ள ஆசிரியச் செல்களில் ‘ஏர்’ என்றொரு மரபணு இருக்கிறது (நம் உழவர் ஏர் இல்லை, பெயர் அப்படி அமைந்துவிட்டது). அது வழக்கமாகப் பூட்டிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான மரபணுக்களைத் திறந்து, உடம்பின் பல மூலைகளில் மட்டுமே உண்டாகும் புரதங்களைச் சிறிதளவு தைமஸுக்குள்ளேயே சமைக்கிறது. அகாடமிக்குள்ளேயே நாட்டின் எல்லா ஊர்த் தெருக்களுக்கும் ஒரு மாதிரி கட்டி வைத்தது போல. 1997-இல் இந்த மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அது பழுதானவர்களுக்குச் சொந்தப் படையே பாராதைராய்டையும் அட்ரீனலையும் தாக்குகிறது. ஃபின்லாந்தில் இந்த நோய் ஒப்பளவில் அதிகம்.

உவமை ஓரிடத்தில் உடைகிறது, அதைச் சொல்லிவிட வேண்டும். இங்கே தேறாத கேடட்டை ஆறு மாதம் பின்னால் தள்ளிப் போடுவார்கள், ‘ரெலிகேஷன்’ என்பார்கள். மறுபடி முயலலாம். தைமஸில் தேறாததற்குப் பெரும்பாலும் சாவுதான். நூற்றில் 95-க்கும் மேல் அங்கேயே முடிகின்றன. சுடுகாடு என்றவர்கள் கண்டது பொய் இல்லை. எதற்கான சாவு என்பதுதான் அவர்களுக்குப் புரியவில்லை.

வெளியே வருபவற்றிலும் எல்லாம் போர்வீரர்கள் அல்ல. ராணுவத்துக்குள்ளேயே ஒழுங்கு பார்க்கும் போலீஸ் உண்டல்லவா, அதுபோல அடக்கும் டி-செல்கள் என்றொரு பிரிவு. பிறந்து மூன்றாம் நாளில் தைமஸ் எடுக்கப்பட்ட எலிகளுக்கு விசித்திரமாகத் தன் உறுப்பையே தாக்கும் நோய் வருவதை ஜப்பானியர்கள் கவனித்தார்கள். இந்தப் பிரிவு தைமஸைவிட்டுத் தாமதமாகக் கிளம்புவதுதான் காரணம். வீரர்கள் கிளம்பிவிட்டார்கள், போலீஸ் கிளம்புமுன் வாசல் இடிக்கப்பட்டது. அந்த நூலைப் பிடித்துப் போன ஷிமோன் சகாகுச்சி 1995-இல் அச்செல்களை அடையாளம் காட்டினார். 2025-இன் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் மேரி ப்ரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் போனது.

இப்போது நண்பனின் புகாருக்கு விடை சொல்லலாம். அவன் தைமஸ் அவனுடைய பெயர் வெட்டிய தாம்பாளத்தை மட்டும் காட்டிப் பிள்ளைகளை வளர்த்தது. அக்காவின் தாம்பாளத்தை அது பார்த்ததே இல்லை. வடிவம் அதே, எழுத்தில் பாதி வேறு. இந்த அரைகுறை ஒற்றுமைதான் ஆபத்து. ஒரு சாதாரண வைரஸ் துணுக்கை அடையாளம் காணும் டி-செல்கள் லட்சத்தில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஆனால் பிறருடைய எச்.எல்.ஏ.-வைக் கண்டு துள்ளுபவை நூற்றில் ஒன்று முதல் பத்து வரை. முழு அந்நியனைவிட முக்கால் உறவுக்காரனிடம் சண்டை அதிகம் வருவது ஊரில் மட்டும் நடப்பதல்ல.

வேலூர் சி.எம்.சி.-யில் 1971-இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான உயிருள்ள கொடையாளர் சிறுநீரக மாற்று நடந்தபோது கையில் இருந்த மருந்துகள் அசாதயோபிரினும் ஸ்டீராய்டும். பிறகு நார்வே மண்ணிலிருந்த ஒரு பூஞ்சை சைக்ளோஸ்போரினைத் தந்தது. ஜப்பான் மண்ணிலிருந்த ஒரு பாக்டீரியா டாக்ரோலிமஸைத் தந்தது. எல்லாம் ஒரே உத்தி: பயிற்சி பெற்ற படையின் கையைக் கட்டுவது. கை கட்டினால் திருடன் வந்தாலும் கட்டியே இருக்கும். தொற்றும் சில வகைப் புற்றும் மாற்று உறுப்பு பெற்றவர்களைத் துரத்துவது அதனால்தான். இந்தியாவில் இன்னொரு கொடுமை உண்டு. மருந்துச் செலவு தாங்காமல் நடுவில் நிறுத்திக் கிடைத்த சிறுநீரகத்தை இழப்பவர்கள்.

கையைக் கட்டாமல் கற்றுக்கொடுக்க முடியாதா? வழியை மில்லரே 1962-இல் காட்டிவிட்டார். தைமஸ் எடுத்த குஞ்சுக்கு வேறு இன எலியின் தைமஸை வைத்தார். எலி தேறியது, தொற்றை எதிர்த்தது. ஆனால் தைமஸ் எந்த இனத்திலிருந்து வந்ததோ, அந்த இனத்தின் தோலை மட்டும் எதிர்க்கவில்லை. பள்ளிக்கூடம் யாருடையதோ அவர்கள் வீட்டுப் பாத்திரமும் சொந்தப் பாத்திரம் ஆகிவிட்டது. மற்றவர்களிடம் விழிப்பு குறையவில்லை. மாற்று உறுப்பு மருத்துவம் அதன்பிறகு கண்ட பெரிய கனவுகளில் ஒன்று இந்த எலிக்குள் இருக்கிறது.

1990-இல் பென்சில்வேனியாவில் அலி நாஜியின் குழு நீரிழிவு வந்த எலிகளின் தைமஸுக்குள்ளேயே வேறு எலியின் இன்சுலின் செல்களை வைத்தது. பழைய டி-செல்களை மருந்தால் ஒருமுறை துடைத்துவிட்டார்கள். புதிதாகப் பயின்று வந்தவை அந்தச் செல்களை ஏற்றன. பிறகு அதே கொடையாளியின் செல்களை உடம்பின் வேறிடத்தில் வைத்தாலும் ஏற்றன. பெரிய விலங்குகளிடம் வந்தபோது இந்த அழகு எளிதாகக் கைகூடவில்லை. பாஸ்டனில் டேவிட் சாக்ஸின் குழு வேறு வழியில் போனது. சிறுநீரகத்தோடு கொடையாளியின் எலும்பு மஜ்ஜையையும் கொடுத்தால், அந்த மஜ்ஜையிலிருந்து வரும் செல்கள் பெறுபவரின் தைமஸுக்குள் போய்த் தங்கள் தாம்பாளத்தையும் காட்டும் அல்லவா? 2008-இல் வெளியான ஐந்து நோயாளிகளின் கணக்கில் நால்வரால் எல்லா மருந்தையும் நிறுத்த முடிந்தது. ஒருவர் சிறுநீரகத்தை இழந்தார்.

நம் நாட்டில் இதற்காகப் பிடிவாதமாக உழைத்தவர் அகமதாபாத் சிறுநீரக நோய் ஆய்வு மையத்தின் எச்.எல்.திரிவேதி (1932–2019). கொடையாளியின் மஜ்ஜைச் செல்களைக் கல்லீரலுக்குப் போகும் பெருஞ்சிரை வழியாக முன்கூட்டியே செலுத்தி, உடம்பைப் பழக்கிவிட்டுப் பிறகு சிறுநீரகம் வைக்கும் முறையை நூற்றுக்கணக்கானவர்களிடம் செய்தார். பலருக்கு மருந்தைக் குறைக்க முடிந்தது என்று அவருடைய குழு பதிவு செய்தது. உலகம் அதை முழுதாக ஏற்றுக்கொண்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏழை நோயாளியின் மருந்துச் சீட்டிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சி என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

பெரியவர்களிடம் இது ஏன் கஷ்டம்? பருவ வயதில் உச்சம் தொட்ட தைமஸ் அதன்பிறகு வருஷாவருஷம் கொழுப்பாக மாறிக்கொண்டே வருகிறது. அகாடமியில் பாதி வகுப்பறைகள் பூட்டியாகிவிட்டன. ஏற்கெனவே வெளியேறிய படை உடம்பெங்கும் பரவியிருக்கிறது; பழைய தொற்றுகளில் கற்ற நினைவுச் செல்கள் சில, தற்செயலாகப் பிறர் தாம்பாளத்தையும் எதிரியாக எண்ணிக்கொள்கின்றன. அவற்றை மறுபடி பள்ளிக்கு அனுப்ப முடியாது.

அப்படியானால் பெரியவர்களுக்குத் தைமஸ் வேண்டாத பொருளா? பலகாலம் அறுவை மருத்துவர்கள் அப்படித்தான் எண்ணினார்கள். 2023-இல் பாஸ்டனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. தைமஸ் எடுக்கப்பட்ட பெரியவர்களில் ஐந்து ஆண்டுக்குள் இறந்தவர்கள் 8.1 சதவீதம், அதேபோன்ற நெஞ்சறுவை செய்துகொண்டு தைமஸ் எடுக்கப்படாதவர்களில் 2.8. புற்றுநோயும் அவர்களுக்கு ஏறக்குறைய இரட்டிப்பு. கொழுப்புக்கு நடுவே மிச்சமிருக்கும் தீவுகள் சும்மா இல்லை.

குழந்தைகளின் இதய அறுவையில் வேறொரு கதை. சின்ன நெஞ்சில் பெரிய தைமஸ் இதயத்தை மறைத்துக் கிடக்கும். அதில் ஒரு பகுதியையோ முழுவதையோ வெட்டித் தட்டில் போட்டுவிடுவார்கள். வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் மார்க்கெர்ட் அந்தக் கழிவை எடுத்துச் சில வாரம் வளர்த்து, மெல்லிய சீவல்களாக்கி, தைமஸே இல்லாமல் பிறந்த குழந்தைகளின் தொடைத் தசைக்குள் வைத்தார். தொடைக்குள் ஒரு தைமஸ்! குழந்தையின் சொந்த மஜ்ஜைச் செல்கள் அங்கே போய்ப் பயின்று வருகின்றன. எச்.எல்.ஏ. பொருத்தம்கூடத் தேவைப்படுவதில்லை. 2021 அக்டோபரில் அமெரிக்க மருந்து ஆணையம் அதற்கு அனுமதி கொடுத்தது. அதே ஆண்டில் டியூக்கில், இதயமும் பழுது, தைமஸும் பழுது என்றிருந்த ஒரு கைக்குழந்தைக்கு ஒரே கொடையாளியின் இதயத்தையும் தைமஸையும் வைத்தார்கள். அந்தத் தைமஸில் பயிலும் படைக்கு அந்த இதயம் சொந்தமாகத் தெரியும்; ஒருநாள் மருந்தை விலக்கலாம் என்பது எண்ணம். மில்லரின் எலி மனிதக் குழந்தையாகி நிற்கிறது.

பன்றியிடமும் போயிருக்கிறார்கள். நியூயார்க்கில் ராபர்ட் மான்ட்கோமரியின் குழு, மரபணு திருத்திய பன்றியின் சிறுநீரகத்தில் அதே பன்றியின் தைமஸைச் சேர்த்து வைத்து 2024 ஏப்ரலில் ஒரு பெண்மணிக்குப் பொருத்தியது. 47 நாள் ஓடியது. அவருக்கு வைத்திருந்த இதய பம்ப்பால் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் போதாமல் போனதால் எடுத்துவிட்டார்கள். உடம்பு நிராகரித்ததற்கான அறிகுறி இல்லை. தைமஸ் பாடம் நடத்தி முடிக்க 47 நாள் போதாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

திரும்பும்போது சிங்ககட் சாலையில் வழக்கம்போல் வண்டிகள் நகரவில்லை. நான் இவற்றையெல்லாம் ஒரு பாடு சொல்லி முடித்திருந்தேன். நண்பன் முகக்கவசத்தை இறக்கிவிட்டு நெஞ்செலும்பில் இரண்டு விரலால் தட்டிப் பார்த்தான்.

“எனக்கும் உள்ளே இருக்கா?”

“அம்பத்திரண்டு வயசுல பாதிக்கு மேல கொழுப்புதான். நடுநடுவே கொஞ்சம் இருக்கும்.”

“என் அக்கா பேரை அதுக்குச் சொல்லிக்கொடுக்க முடியாதா?”

“எலிக்கு முடிஞ்சது.”

சிரித்தான். செல்பேசியில் ஒன்பது மணி அலாரம் அடித்தது. பையைத் துழாவிச் சின்ன டப்பாவை எடுத்தான். வீட்டிலிருந்து கொண்டுவந்த கொதித்தாறிய தண்ணீர் பின்சீட்டில் இருந்தது. எட்டி எடுத்துக் கொடுத்தேன்.